வைட்டலில் நாதஸ்வர அலை

இணுவிலில் பதிந்த நாதஸ்வர ஒலியை வைட்டல் என்ற சிந்தசைசரில் (ஒலி உருவாக்கும் கணினி மென்பொருள்) போட்டதும் கீச்சென்று கத்தியது. கூடவே ஒரு இரைச்சல். காரணம் எளிய கணக்குத்தான். வைட்டல் 2048 சாம்பிள்களை (ஒலியை அளந்து பதிந்த புள்ளிகளை) ஒரே அலைச்சுற்றாக எடுத்துக்கொள்ளும். 44,100 ஹெர்ட்ஸ் பதிவில், அதாவது நொடிக்கு அத்தனை சாம்பிள்களில், நொடிக்கு 300 சுற்றுகள் கொண்ட 300 ஹெர்ட்ஸ் சுரத்தின் ஒரு சுற்றுக்கு 147 சாம்பிள்களே. ஆக, ஒன்றுக்குரிய இடத்தில் கிட்டத்தட்ட 14 சுற்றுகள் நெரிந்து கிடந்தன. சுருதி அத்தனை மடங்கு ஏறியதால் கீச்சொலி. கடைசிச் சுற்று முடியுமுன் அறுந்ததால் இரைச்சல்.

ஓடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் ஒரு சுற்றை மட்டும் வெட்டினேன். அலை பூச்சியக் கோட்டை மேல்நோக்கிக் கடக்கும் இடத்தில் தொடங்கி, அதே வடிவம் மீண்டும் தொடங்கும் இடம்வரை. நாதஸ்வர அலை நடுவிலும் பலமுறை கோட்டைக் கடக்கும், ஏமாறக்கூடாது. பிறகு வேகத்தைக் குறைத்து 2048 சாம்பிள்களாக நீட்டி, வேவ்டேபிள் முறையில் (அலைச்சுற்றைத் திரும்பத் திரும்ப ஒலிக்கும் முறை) வைட்டலில் ஏற்றினேன். சுருதி சரி. கமகம் மட்டும் ஒற்றைச் சுற்றில் வராது. அதைப் பிட்ச் வளைத்துத்தான் வாசிக்கிறேன்.