பழைய மோட்டார் சைக்கிளில் முன் பிரேக் சரியாகப் பிடிக்காதபோது என்ன செய்ய வேண்டும்?

ஒருவர் ஓட்டிய மோட்டார் சைக்கிளை வாங்கிய பிறகு முன் பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை என்று தெரிந்தால், பெரும்பாலோர் உடனே புதிய பேட் (டிஸ்க்கை அழுத்தி உராயும் தகடு) வாங்கி மாட்டிவிடுகிறார்கள். சில வண்டிகளில் அதுவே போதுமானதாக இருக்கலாம். ஆனால் கோளாறு பிரேக் ஆயிலிலோ, பேட்களைத் தாங்கி டிஸ்க்கில் அழுத்தும் காலிப்பரிலோ இருந்தால் பேட் மாற்றிய செலவு வீண்தான். பிரேக் பிடிக்கும்போது வண்டியின் பாரம் முன்னால் சாய்வதால் நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன் சக்கரத்தையே சேர்கிறது என்பதால், எதையும் கழற்றுவதற்கு முன்னால் கோளாறு எங்கே இருக்கிறது என்பதை உறுதி செய்துகொள்வதே முறையாகும். டிஸ்க் பிரேக் உள்ள வண்டியில் அதை முதலில் சொல்வது பிரேக் லிவர்தான்.

வண்டியை நிறுத்தி வைத்து லிவரை நிதானமாக அழுத்திப் பாருங்கள். அது மெத்தென்று அமுங்கி, நான்கைந்து முறை விட்டு விட்டு அழுத்தியதும் இறுகினால், ஆயிலில் காற்று புகுந்திருக்கிறது என்று கொள்ளலாம். அழுத்திப் பிடித்திருக்கும்போதே லிவர் மெல்ல மெல்லக் கைப்பிடியை நோக்கி இறங்கினால், எங்கோ ஆயில் கசிகிறது, அல்லது லிவரின் அழுத்தத்தை ஆயிலுக்குக் கொடுக்கும் மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் சீல் தேய்ந்திருக்கிறது. வெளியே ஈரம் எதுவும் தெரியாவிட்டால் சீல் மீதே சந்தேகம் விழ வேண்டும். இவ்விரண்டும் இல்லாமல் லிவர் கல்லைப் போல இறுகி நின்றும் வண்டி நிற்கவில்லை என்றால், அழுத்தம் சரியாகச் செல்கிறது, பேடும் டிஸ்க்கும் சேரும் இடத்திலோ காலிப்பரின் அசைவிலோதான் குறை என்று பொருள்.

பழைய வண்டிகளில் அதிகம் காணப்படுவது இந்த மூன்றாவது வகைதான் என்பது என் கருத்து. பேடைக் கழற்றி வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். மேற்பரப்பு கண்ணாடி போல் பளபளத்தால் அது சூட்டில் இறுகிவிட்டது. உப்புத்தாளைச் சமமான பலகை மீது வைத்து அதில் லேசாகத் தேய்த்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். கறுத்து, ஈரப்பசையுடன் இருந்தால் எண்ணெய் ஊறியிருக்கிறது; அந்தப் பேடைத் தேய்த்தாலும் கழுவினாலும் நம்ப முடியாது, இரண்டு பேட்களையும் சேர்த்தே மாற்ற வேண்டும். அப்படி மாற்றுவதற்கு முன் எண்ணெய் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிப்பது மிக முக்கியம். முன் ஃபோர்க்கின் பளபளப்பான குழாயில் விரலை ஓட்டும்போது பிசுபிசுப்பான வளையம் தட்டுப்பட்டால், ஃபோர்க் ஆயில் சீல் கசிந்து டிஸ்க்கில் வடிந்திருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் மாட்டிய புதிய பேடும் விரைவில் கெட்டுவிடும். வண்டியை விற்பதற்காகப் பளபளப்பு ஸ்ப்ரே அடிக்கும்போது அது டிஸ்க்கில் படுவதும் உண்டு. டிஸ்க்கைப் பிரேக் கிளீனராலோ ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலாலோ சுத்தமான துணி கொண்டு துடைக்க வேண்டும். பேடின் உராய்வுப் பகுதியில் தேய்மான அளவைக் காட்டும் பள்ளம் மறைந்திருந்தால் மாற்றியே ஆக வேண்டும். டிஸ்க்கின் குறைந்தபட்சத் தடிமன் வழக்கமாக அதன் மீதே பொறிக்கப்பட்டிருக்கும். பழைய பேட்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும் என்பதால், தூசியைக் காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

இரண்டு பேட்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டுமே பிஸ்டன் (பேடைத் தள்ளும் உருளை) உள்ள காலிப்பராக இருந்து, பிஸ்டன் பக்கத்துப் பேட் மட்டும் கூடுதலாகத் தேய்ந்திருந்தால், காலிப்பர் நகர்வதற்கான ஸ்லைடர் பின்கள் இறுகியிருக்கின்றன. அவற்றைக் கழற்றி, துருவைச் சுத்தம் செய்து, சிலிக்கான் கிரீஸ் தடவ வேண்டும்; சாதாரணக் கிரீஸ் ரப்பரை ஊதவைத்துக் கெடுத்துவிடும். பிஸ்டன் இறுகியிருந்தால், லிவரை மெல்ல அழுத்தி அதைச் சில மில்லிமீட்டர் மட்டும் வெளியே வரவிட்டு, சோப்பு நீரும் பழைய பல் துலக்கும் பிரஷும் கொண்டு சுற்றிலும் தேய்த்து, துடைத்த பிறகே உள்ளே தள்ளுங்கள். அழுக்கோடு தள்ளினால் சீல் கிழியும். பிஸ்டனில் துருப்பள்ளங்கள் தெரிந்தால் சுத்தம் செய்து பயனில்லை, மாற்றுவதே வழி.

இனி ஆயில். பிரேக் ஆயில் வகைகளில் டாட் 3, டாட் 4, டாட் 5.1 ஆகியவை காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுபவை. டாட் 4 ஆயிலின் கொதிநிலை புதியதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ், 3.7 சதவீதம் நீர் சேர்ந்த நிலையில் அதற்கு வகுக்கப்பட்ட குறைந்தபட்ச அளவு 155 டிகிரிதான். எனவே நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடேறும்போது ஆயில் கொதித்து ஆவிக்குமிழ்கள் உண்டாகி, லிவர் திடீரென்று அமுங்கிவிடும். முந்தைய உரிமையாளர் எப்போது மாற்றினார் என்று தெரியாத ஆயிலை மாற்றிவிடுவதே நல்லது. அதன் பின் இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை போதும். ஹேண்டில்பாரில் உள்ள பிரேக் ஆயில் தொட்டியின் மூடியில் குறித்துள்ள வகையையே ஊற்றுங்கள். டாட் 5 என்பது சிலிக்கான் ஆயில். அதை மற்றவற்றோடு ஒருபோதும் கலக்கக் கூடாது. டாட் 3, டாட் 4, டாட் 5.1 ஆயில் பெயிண்ட் மீது சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும்.

காற்றை வெளியேற்ற, காலிப்பரின் நிப்பிளில் (காற்றை வெளியேற்றும் சிறு திருகு) தெளிவான குழாயைச் செருகி, மறுமுனையைச் சிறிது ஆயில் உள்ள பாட்டிலில் மூழ்கவிடுங்கள். லிவரை அழுத்திப் பிடித்து, நிப்பிளைச் சற்றுத் திறந்து, ஆயில் வந்ததும் மூடிவிட்டு, அதன் பிறகே லிவரை விட வேண்டும். இந்த வரிசை மாறினால் காற்று திரும்ப உள்ளே போகும். தொட்டியில் ஆயில் கீழ்க்கோட்டுக்குக் கீழே இறங்காதபடி ஊற்றிக்கொண்டே இருங்கள். எவ்வளவு செய்தும் லிவர் மெத்தென்றே இருந்தால், மாஸ்டர் சிலிண்டரில் ஹோஸ் சேரும் போல்ட் அருகே காற்று தங்கியிருக்கலாம். தொட்டி உயரமான இடத்தில் வரும்படி ஹேண்டில்பாரைத் திருப்பி, லிவரைச் சில மில்லிமீட்டர் மட்டும் மெதுவாக அசைத்தால், தொட்டியின் அடியிலிருந்து சிறு குமிழ்கள் மேலே வருவதைக் கண்ணால் காணலாம்.

காற்று முழுவதும் போன பிறகும் மென்மை மாறவில்லை என்றால் ரப்பர் ஹோஸைச் சந்தேகிக்கலாம். ஒருவரை லிவரை இறுக்கமாகப் பிடிக்கச் சொல்லி ஹோஸைத் தொட்டுப் பாருங்கள். புடைப்பதை உணர்ந்தாலோ வளைவுகளில் வெடிப்பு தெரிந்தாலோ, புதிய செம்பு வாஷர்களோடு சேர்த்து மாற்றுங்கள். வேறு வண்டியின் மாஸ்டர் சிலிண்டர் மாட்டப்பட்டிருக்கிறதா என்பதையும் பாருங்கள். அதன் துளை பெரிதாக இருந்தால் லிவர் இறுக்கமாக இருக்கும், ஆனால் அதே கைவிசைக்கு அழுத்தம் குறைவாகவே கிடைக்கும்.

வேலை முடிந்ததும், வண்டியை நகர்த்துவதற்கு முன் லிவர் இறுகும் வரை பலமுறை அழுத்துங்கள். உள்ளே தள்ளிய பிஸ்டன்கள் பேடைத் தொடும் வரை பிரேக் இருக்காது. புதிய பேட் டிஸ்க்கோடு படிந்து சேர, ஆளில்லாத சாலையில் மிதமான வேகத்திலிருந்து, முழுவதும் நிற்பதற்கு முன்பே விட்டுவிட்டு, இடையில் ஆறவிட்டுப் பலமுறை பிரேக் பிடிக்க வேண்டும். மறுநாள் காலை தொட்டியின் ஆயில் அளவைப் பார்த்துவிட்டு, நிப்பிளையும் ஹோஸ் இணைப்புகளையும் உலர்ந்த காகிதத்தால் ஒற்றிப் பாருங்கள். காகிதத்தில் ஈரம் பட்டாலோ, பிடித்திருக்கும் லிவர் இன்னும் இறங்கினாலோ, அந்த வண்டியைச் சாலைக்குக் கொண்டு செல்லாமல் மெக்கானிக்கை வீட்டுக்கே அழைத்துக் காட்டுங்கள்.