செக்ரோலில் ஏறாத சம்பளம்: அறிவிப்பாளர் ஊதியம் பற்றிப் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் டவுனில் காலையில் நான் பசியாறும் ஒட்டுக்கடைக்குப் போன வாரம் ஒரு தம்பி வந்து கைப்பேசியை நீட்டினார். "கிராணி ஐயா, இதப் பாருங்க. ரேடியோவுல பேசுறதுக்கு இவ்வளவா? எல்லாம் நம்ம காசு!"

புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) சுற்றி வந்த செய்தி அது. ஒருவரின் படம், கீழே ஒரு பெரிய தொகை, அதற்கும் கீழே 'மக்கள் வரிப்பணம்' என்று சிவப்பு எழுத்து. மாதத்துக்கா, வருடத்துக்கா? எந்த வருடம்? யார் சொன்னது? ஒன்றுமில்லை. போதாக்குறைக்கு, படத்தில் இருந்தவர் தனியார் வானொலியில் வேலை செய்பவர்.

நான் தோட்ட ஆபீசில் கிராணியாக இருபது வருடங்களுக்கு மேல் செக்ரோல், அதாவது ஆட்களின் வருகையும் சம்பளமும் பதியும் பேரேடு, எழுதியவன். பெரட்டுக்கு (காலை ஆள்கணக்குக்கு) வந்தவர் யார், அரைப்பேர் (அரைநாள் கூலி) யாருக்கு, முழுப்பேர் யாருக்கு என்று எழுதி எழுதியே கண்ணாடி போட்டவன். அதனால் சம்பளப் பேச்சு வந்தால் எனக்குக் கொஞ்சம் வாய் நீளும். அன்று கடையில் பேசியதைத்தான் இங்கே ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன்.

தனியாரையும் பொதுவையும் குழப்பிக்கொள்வதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. ராகா என்ற தமிழ் வானொலி ஆஸ்ட்ரோவுடையது. ஆஸ்ட்ரோ பங்குச் சந்தையில் இருக்கிற தனியார் ஒலிபரப்புக் கம்பெனி. அங்கே அறிவிப்பாளருக்கு எவ்வளவு கொடுக்கிறார்கள் என்று கேட்க அதன் பங்குதாரர்களுக்கு உரிமை உண்டு. சந்தா கட்டுகிற எனக்கு இருக்கிற உரிமை, பிடிக்காவிட்டால் சந்தாவை நிறுத்துவது. மின்னல் எஃப்எம் அப்படியல்ல. அது அரசு வானொலி தொலைக்காட்சியான ஆர்டிஎம்மின் தமிழ் நிலையம். ஆர்டிஎம் தொடர்புத் துறை அமைச்சின் கீழ் உள்ள ஓர் இலாகா. அங்கே போகும் காசு கூட்டரசு வரவு செலவுத் திட்டத்திலிருந்து போகிறது. கேள்வி கேட்க வேண்டிய இடம் இது. ஆனால் நம் ஆட்கள் இரண்டையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டிவிடுகிறார்கள்.

"நான் வருமான வரியே கட்டுறதில்ல, எனக்கு என்ன உரிமை?" என்று பக்கத்து மேசையில் இருந்த மாமா கேட்டார். இப்படி நினைப்பதும் தவறுதான். முன்பு டிவி லைசென்ஸ் என்று வருடத்துக்கு 24 வெள்ளி (ரிங்கிட்) கட்டினோம். அந்தக் காலத்தில் லயத்தில் லைசென்ஸ் எடுக்காத வீடுகளில், இன்ஸ்பெக்டர் வருகிறார் என்றால் டிவிக்கு மேல் கைலியைப் போட்டு மூடிவைப்பார்கள். பிறகு அந்தக் கட்டணத்தை எடுத்துவிட்டார்கள். கட்டணச் சீட்டு போனதோடு 'இது என் காசு' என்ற உணர்வும் போய்விட்டது. ஆனால் விற்பனை வரியும் சேவை வரியும் கடைச் சாமானில் சேர்ந்துதானே வருகிறது? இதே ஊர்க்காரரும் அமைச்சருமான துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது பால்மரம் வெட்டியவர்கள் மாதம் 10 வெள்ளி போட்டுப் பங்குதாரர் ஆனார்கள். பத்து வெள்ளி போட்டவர்கள் ஆண்டுக் கூட்டத்தில் எழுந்து நின்று வாரியத்தைக் கேள்வி கேட்டார்கள். அதே ஆட்களின் பேரப்பிள்ளைகள் இன்று 'நமக்கென்ன உரிமை' என்கிறார்கள்.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். தொகை பெரிதாக இருந்தால் அதுதான் ஊழல் என்று நினைத்துக்கொள்கிறோம். என்னைக் கேட்டால் தொகை இரண்டாம் கேள்விதான். முதல் கேள்வி, காசு எந்தக் கணக்கு வழியாகப் போனது என்பது.

இதற்கு அயர்லாந்தில் நடந்ததைவிட நல்ல உதாரணம் கிடையாது. அங்கே ஆர்டிஈ என்பது பொது ஒலிபரப்பு நிறுவனம். டிவி வைத்திருக்கிற வீடுகள் வருடத்துக்கு 160 யூரோ கட்டுகின்றன. அதிகச் சம்பளம் வாங்கும் தொகுப்பாளர்களின் ஊதியத்தை அந்த நிறுவனமே வெளியிட்டுவந்தது. ரொம்ப யோக்கியமான ஏற்பாடு, இல்லையா? 2023 ஜூனில் அவர்களே ஓர் அறிக்கை விட்டார்கள்: ரயன் டபிரிடி என்ற மிகப் பிரபலமான தொகுப்பாளருக்கு, 2017 முதல் 2022 வரை வெளியே சொன்னதைவிட 345,000 யூரோ கூடுதலாகப் போயிருக்கிறது. உதாரணத்துக்கு, 2021இல் அவருக்கு 440,000 யூரோ என்று வெளியிட்டார்கள்; அந்த வருடக் கணக்கில் உண்மையில் சேர வேண்டியது 515,000.

இடையில் விடுபட்ட அந்த 75,000 எப்படிப் போனது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அவர் சம்பளம் குறைக்கப்பட்டதாக ஊருக்குச் சொல்லிய அதே காலத்தில், ஒரு விளம்பரதாரர் வருடத்துக்கு 75,000 யூரோ கொடுப்பார், அவர்களுக்காகச் சில மேடை நிகழ்ச்சிகளை இவர் நடத்துவார் என்று தனி ஏற்பாடு செய்தார்கள். அந்தக் காசுக்கு ஆர்டிஈ உத்தரவாதம் கொடுத்தது. முதல் வருடம் விளம்பரதாரர் கொடுத்தார்; ஆனால் ஆர்டிஈ அதே தொகையை அவருக்கு வேறு கணக்கில் கழித்துக்கொடுத்துவிட்டது. அடுத்த இரண்டு தவணைகளையும் ஆர்டிஈயே கட்டியது. எங்கிருந்து? பண்டமாற்றுக் கணக்கிலிருந்து. விளம்பர நேரத்தைக் கொடுத்து அதற்குப் பதிலாகச் சாமானும் சேவையும் வாங்கும் கணக்கு அது. பில்லில் என்ன எழுதியிருந்தது தெரியுமா? 'ஆலோசனைக் கட்டணம்.' வழக்கமான தணிக்கையின்போது, இது என்ன ஆலோசனை என்று தணிக்கையாளர்கள் கேட்டதில்தான் எல்லாம் வெளியே வந்தது.

இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. நான் வேலை செய்த ஒரு தோட்டத்தில் இதே கதை நடந்திருக்கிறது. வேண்டப்பட்டவர் என்பதால் ஒரு மண்டோருக்கு (கங்காணிக்கு) கூடுதல் காசு போனது. செக்ரோலில் அது இல்லை. செக்ரோலில் அவர் பெயருக்கு எதிரே இருந்த ஒவ்வோர் எண்ணும் சரி, நானே கூட்டியது. கூடுதல் காசு 'கான் (வடிகால்) வெட்டிய செலவு' என்று குத்தகைக் கணக்கில் போயிருந்தது. கணக்குப் பார்க்க வந்தவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. "எந்தக் கான்? வாங்க, காட்டுங்க" என்று மழைச்சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். அந்த வருடம் கானே வெட்டவில்லை. சரியாகக் கூட்டிய செக்ரோலைக் கையில் வைத்துக்கொண்டு நான் முழித்த முழி இன்னும் ஞாபகம் இருக்கிறது.

எனவே 'சம்பளப் பட்டியலை வெளியிட்டுவிட்டார்கள், எல்லாம் சரி' என்று திருப்திப்படுவது, 'பட்டியலே இல்லை, எல்லாம் கொள்ளை' என்று கத்துவதைவிடக் கொஞ்சமும் குறைந்த தவறல்ல. ஆர்டிஈயில் பட்டியல் இருந்தது. பட்டியலுக்கு வெளியே இன்னொரு கணக்கும் இருந்தது. அந்தக் கணக்கைக் கிளறியபோது ஏறத்தாழ 5,000 யூரோவுக்குச் சிலிப்பர் வாங்கியதும் சேர்ந்து வந்தது. ஏதோ விருந்துக்காம். நம் ஊர் ஜப்பான் சிலிப்பர் மாதிரிதான். அந்த நாட்டு மக்களுக்கு லட்சக்கணக்கான யூரோவைவிட அந்தச் சிலிப்பர்தான் அதிகம் சுட்டது. மனிதர்களுக்குப் புரிகிற அளவில் இருந்தால்தான் கோபம் வருகிறது போலும்.

அங்கே யார் பொறுப்பேற்றார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். நம்மூராக இருந்தால் படத்தில் தெரிகிற முகத்தைத்தான் முதலில் திட்டுவோம். அங்கே ஆர்டிஈயின் தலைமை இயக்குநர் டீ ஃபோர்ப்ஸ் முதலில் இடைநீக்கம் செய்யப்பட்டார். பிறகு பதவி விலகினார். நாடாளுமன்றத்தின் பொதுக் கணக்குக் குழு நிர்வாகிகளை வரிசையாகக் கூப்பிட்டு நேரலையில் விசாரித்தது. டபிரிடியும் 2023 ஜூலையில் அந்தக் குழு முன் உட்கார்ந்து பதில் சொன்னார். பொய்க் கணக்கை எழுதியவர் அவரில்லை. ஆனால் தன் சம்பளம் என்று வெளியான எண் தப்பு என்பது அவருக்குத் தெரியாமல் இருந்திருக்க முடியுமா? கேட்டிருக்க வேண்டும் என்று அவரே பின்னால் ஒப்புக்கொண்டார். ஆர்டிஈக்கு அவர் திரும்பவில்லை. ஆயிரமாயிரம் வீடுகள் லைசென்ஸ் கட்டுவதை நிறுத்தின. கடைசியில் 2024இல் அரசாங்கம் மூன்று வருடங்களுக்கு 725 மில்லியன் யூரோ தருவதாக அறிவிக்க வேண்டிவந்தது. கோபத்தில் லைசென்ஸ் கட்டாமல் விட்டவரும் இப்போது வரி வழியாகக் கொடுக்கிறார்.

அந்தத் தொகைகளை வெள்ளிக்கு மாற்றி, நம் குறைந்தபட்சச் சம்பளமான 1,700 வெள்ளியோடு வைத்துப் பார்த்துப் பொருமுவது இன்னொரு பழக்கம். 345,000ஐ ஐந்தால் பெருக்கினால் ஒரு மில்லியன் ஏழு லட்சம் வெள்ளிக்கு மேல். வயிறு எரியும், சரி. அதனால் எந்தக் கணக்கும் விளங்காது.

பிபிசி பக்கம் போனால் வேறு பாடம். 2017 ஜூலையில், லைசென்ஸ் பணத்திலிருந்து வருடத்துக்கு 150,000 பவுனுக்கு மேல் வாங்கும் 96 பேரின் பெயரை வெளியிட்டார்கள். முதலிடத்தில் இருந்த கிறிஸ் எவன்ஸுக்கு 22 லட்சம் பவுனுக்கு மேல். பெண்களில் அதிகம் வாங்கிய கிளாடியா விங்கில்மனுக்கு ஐந்து லட்சம்கூட இல்லை. பட்டியலில் மூன்றில் இரண்டு பங்கு ஆண்கள். சம்பளத்தை வெளியிடுவது அடுத்த வீட்டு அடுப்பை எட்டிப் பார்க்கிற வேலை என்று சொல்பவர்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். பிபிசியின் சீனாவுக்கான செய்தி ஆசிரியராக இருந்த கேரி கிரேசி, தன்னைப் போன்ற ஆண் செய்தி ஆசிரியர்கள் தன்னைவிட மிக அதிகம் வாங்குவதை அறிந்து 2018 ஜனவரியில் அந்தப் பொறுப்பைவிட்டு விலகினார். பிபிசி அவரிடம் மன்னிப்புக் கேட்டு நிலுவையையும் கொடுத்தது. பிபிசி தொகுப்பாளர் சமீரா அகமதுக்கு ஒரு நிகழ்ச்சிக்கு 440 பவுன். அதைப்போன்ற வேலைக்கு ஓர் ஆணுக்கு 3,000 பவுன். 2020இல் தொழில் தீர்ப்பாயம் சமீரா பக்கம் தீர்ப்புச் சொன்னது. பால்மரம் வெட்டிய பெண்களுக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை.

அந்தப் பட்டியலிலும் ஓட்டை உண்டு. வெளித் தயாரிப்பு நிறுவனங்கள் வழியாகவோ, பிபிசியின் வணிகப் பிரிவு வழியாகவோ சம்பளம் வாங்குபவர்களின் தொகை அதில் ஏறாது. பெயர் இல்லை என்பதால் அவர் வாங்கவில்லை என்று முடிவு கட்டக்கூடாது.

நம் நாட்டுக்கு வருவோம். இங்கே ஏதோ நடந்துவிட்டது என்று நான் சொல்லவரவில்லை. எங்கே கேட்பது என்று தெரியாமல் தவறான கதவைத் தட்டுகிறோம் என்பதுதான் என் குறை. ஆர்டிஎம்மின் நிரந்தர ஊழியர்கள் அரசு ஊழியர்கள். அவர்கள் சம்பளம் பொதுச் சேவை இலாகாவின் படிநிலை அட்டவணைக்குள் அடங்கும். அதில் ரகசியம் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். கேட்க வேண்டியது பகுதி நேர அறிவிப்பாளர், ஒப்பந்தத் தொகுப்பாளர், வெளியே இருந்து வாங்கும் நிகழ்ச்சி ஆகியவற்றைப் பற்றி: என்ன விகிதம், யார் ஒப்புதல், எந்தச் செலவுத் தலைப்பு. நம் செக்ரோலுக்கும் குத்தகைக் கணக்குக்கும் உள்ள அதே வித்தியாசம்.

தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப்போடலாமே என்று ஆசிரியர் ஒருவர் சொன்னார். சிலாங்கூரிலும் பினாங்கிலும் அப்படிச் சட்டம் உண்டு. ஆனால் அவை மாநில அரசு ஆவணங்களுக்கு மட்டும். ஆர்டிஎம் கூட்டரசு இலாகா; நாம் இருப்பதோ பேராக். அந்த மனு எங்கும் போய்ச் சேராது. தேசியத் தலைமைக் கணக்காய்வாளரின் அறிக்கை நாடாளுமன்றத்தில் வைக்கப்படுகிறது, யாரும் படிக்கலாம். அதில் கண்ணில் பட்டதை வைத்துத் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரிடம் எழுத்தில் கொடுத்தால், மக்களவையில் கேள்வியாக்க அவரால் முடியும். பொதுக் கணக்குக் குழு இங்கேயும் இருக்கிறது.

கடைசியாக ஒன்று, இது கொஞ்சம் ஆபத்தானது. உள்ளே வேலை செய்கிற யாராவது ஒரு சம்பளச் சீட்டைப் படம் பிடித்துப் புலனத்தில் போட்டுவிட்டு, 'தகவல் கொடுத்தவரைச் சட்டம் பாதுகாக்கும்' என்று நம்பிக்கொண்டிருப்பார்கள். 2010ஆம் ஆண்டுத் தகவலளிப்பவர் பாதுகாப்புச் சட்டம், லஞ்ச ஒழிப்பு ஆணையம் போன்ற அமலாக்க அமைப்பிடம் சொன்னால்தான் கைகொடுக்கும். புலனக் குழு அமலாக்க அமைப்பு அல்ல. பொய்த் தகவலை அனுப்பினால் 1998ஆம் ஆண்டுத் தொடர்பு பல்லூடகச் சட்டம் வேறு இருக்கிறது. முதலில் எழுதியவர் நானில்லை, அனுப்பி மட்டும்தான் வைத்தேன் என்பது பெரிய சமாதானம் ஆகாது.

இவ்வளவும் பேசி முடிப்பதற்குள் என் கோப்பி ஆறிவிட்டது. தம்பி அந்தச் செய்தியை அழித்தார். பிறகு ரொட்டிச்சானாய் சுற்றி வந்த தாளின் பின்பக்கத்தில் தொகுதி உறுப்பினருக்குக் கேள்வி எழுத உட்கார்ந்தார். "அறிவிப்பாளர்களுக்கு எவ்வளவு கொடுக்கிறீர்கள்?" என்று தொடங்கியிருந்தார். நான் பேனாவை வாங்கி, 'எவ்வளவு'க்குப் பக்கத்தில் 'எந்தக் கணக்கிலிருந்து' என்று சேர்த்தேன். மாமா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்துப் பார்த்தார். "தம்பி, அப்படியே நம்ம கோயில் தலைவருக்கும் ஒரு காப்பி எழுது" என்றார்.