'டிஸ்ட்ரெஸ்' என்ற சொல்லின் வேரைத் தேடும் முறை

மனம் படும் பாட்டைக் குறிக்க ஆங்கிலத்தில் புழங்கும் 'டிஸ்ட்ரெஸ்' எங்கிருந்து வந்தது என்று தேட விரும்பும் மும்பைத் தமிழர்கள், ஃபவுண்டன் பகுதி நடைபாதையில் மலிவாகக் கிடைக்கிறதே என்று கையடக்க அகராதியை வாங்கிவிட வேண்டாம். அத்தகையவற்றில் பெரும்பாலும் பொருள் மட்டுமே இருக்கும். 1884 முதல் 1928 வரை பகுதி பகுதியாக வெளிவந்த ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியைப் போல, ஒவ்வொரு பொருளுக்கும் பழைய மேற்கோள்களை ஆண்டு வரிசையில் தரும் அகராதியே இதற்கு உதவும்.

முதலில் பொருள்களைத் தனித்தனியே எழுதிக்கொள்ள வேண்டும். மனவேதனை ஒன்று, ஆபத்தில் சிக்கிய கப்பலின் நிலை ஒன்று, பாக்கிக்காகப் பிறர் பொருளைக் கைப்பற்றுவது, அதாவது நம் வழக்கில் ஜப்தி, இன்னொன்று. இந்தக் கடைசிப் பொருளைப் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஆனால் வேர் பிடிபடுவது அங்கேதான். 1882-ஆம் ஆண்டின் பிரசிடென்சி சிறுவழக்கு நீதிமன்றங்கள் சட்டத்தில், வாடகை பாக்கிக்கான ஜப்தியைப் பற்றிய அத்தியாயத்தின் தலைப்பே 'டிஸ்ட்ரெஸஸ்' என்பதுதான். மாட்டுங்காவிலோ தாராவியிலோ சட்டம் படிக்கும் பிள்ளை இருந்தால் அந்தப் பக்கத்தைக் காட்டச் சொல்லலாம்.

அடுத்து, சொல்லைப் படிப்படியாகப் பின்னோக்கி நகர்த்த வேண்டும். ஆங்கிலத்துக்கு முன் பழைய பிரெஞ்சின் 'டெஸ்ட்ரெஸ்'. அதற்கு முன் பேச்சு லத்தீனின் 'டிஸ்ட்ரிக்டியா'. இந்த வடிவத்துக்கு முன்னால் அகராதியில் ஒரு நட்சத்திரக் குறி இருக்கும். எழுத்தில் எங்கும் கிடைக்காத, அறிஞர்கள் ஊகித்து மீட்ட வடிவம் என்பதே அதன் பொருள். அதற்கும் அடியில் இருப்பது, இறுக்கிக் கட்டுதலைக் குறிக்கும் 'ஸ்ட்ரிங்கெரே'. இடைக்கால லத்தீனில் இதன் கிளைச்சொல் ஒன்று, ஒருவரைக் கட்டாயப்படுத்திப் பணியவைத்தல் என்ற பொருளைப் பெற்றது; பாக்கிக்காகச் செய்யும் ஜப்தியும் அத்தகைய கட்டாயப்படுத்தலே.

கண்டதைச் சரிபார்க்க உறவுச் சொற்களைத் தேட வேண்டும். 'ஸ்ட்ரிக்ட்' இதே வேர். 'ஸ்ட்ரெஸ்' பெருமளவு 'டிஸ்ட்ரெஸ்' தேய்ந்து பிறந்தது. ஒரு பிரபுவின் அதிகாரம் செல்லும் எல்லையைக் குறித்த 'டிஸ்ட்ரிக்ட்' கூட, நாம் விண்ணப்பப் படிவங்களில் நாள்தோறும் நிரப்பும் அதே சொல்தான், இந்தக் குடும்பம். ஒலி ஒற்றுமையை மட்டும் நம்பக் கூடாது: 'மிஸ்ட்ரெஸ்' இதேபோல முடிந்தாலும், அதன் ஈறு பெண்பால் விகுதியே.

கடைசியாக ஆண்டுகளை ஒப்பிட வேண்டும். துன்பம், ஜப்தி ஆகிய இரு பொருள்களும் ஏறத்தாழ 1300-ஐ ஒட்டியே ஆங்கிலத்தில் தென்படுவதால், ஆங்கிலத்துக்குள்ளேயே ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்தது என்று எழுதிவிடக் கூடாது.