மெக்கானிசம் எழுதும்போது சறுக்கும் இடங்கள்

பெங்களூரு பொம்மசந்திரா, ஜிகணி பக்கம் மருந்து ஆய்வு கம்பெனிகளின் இன்டர்வியூவுக்கு ஓசூர் பஸ் பிடித்து வரும் எம்.எஸ்சி. பிள்ளைகள் ஏராளம். ஒரு வேதிவினையில் என்ன பொருள் கிடைக்கும் என்று கேட்டால் பட்டென்று சொல்லிவிடுகிறார்கள். அந்த வினை படிப்படியாக எப்படி நடக்கிறது என்று போர்டில் மெக்கானிசம் போடச் சொன்னால்தான் தடுமாற்றம். குடுவைக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்காமலே, எலக்ட்ரான் நகர்வைக் காட்டும் அம்புக்குறி போடுவதுதான் பெரும்பாலும் சிக்கல்.

அம்பு எலக்ட்ரான் இருக்கும் இடத்திலிருந்துதான் கிளம்ப வேண்டும். புரோட்டானிலிருந்து ஆக்சிஜனுக்கு அம்பு விட்டால் அதோடு சரி. கொடுப்பதற்குப் புரோட்டானிடம் எலக்ட்ரானே கிடையாது. ஒவ்வொரு படியிலும் இரண்டு பக்கமும் மொத்த மின்சுமை சமமா, கார்பனுக்கு ஐந்து பிணைப்பு வந்துவிட்டதா என்று ஒரு பார்வை பார்த்தால் பாதித் தவறு அங்கேயே பிடிபடும்.

அடுத்தது ஊடகம். கார்பாக்சிலிக் அமிலத்தையும் ஆல்கஹாலையும் கந்தக அமிலம் சேர்த்து எஸ்டராக்கும் ஃபிஷர் வினையில் ஹைட்ராக்சைடு வெளியேறுவதாக எழுதுகிறார்கள். அவ்வளவு அமிலத்தில் ஹைட்ராக்சைடுக்கு ஏது இடம்? அந்த ஆக்சிஜன் முதலில் புரோட்டான் ஏற்று, நீராகத்தான் கிளம்பும். அதேபோல, கார வினையில் புரோட்டான் ஏறிய கார்பனைலை (C=O குழு) வரையக் கூடாது.

இரண்டு எஸ்டர் காரத்தில் இணைந்து கீட்டோ எஸ்டர் ஆகும் கிளெய்சன் வினையில்தான் அதிகம் பேர் மாட்டுகிறார்கள். எத்தில் அசிடேட்டில் சோடியம் எத்தாக்சைடு. எஸ்டர் புரோட்டானை இழந்து உண்டாகும் எனோலேட் இன்னொரு எஸ்டரைத் தாக்கும், எத்தாக்சைடு வெளியேறும், முடிந்தது என்று நிறுத்திவிடுவார்கள். "எத்தாக்சைடுதான் திரும்ப வருகிறதே, கொஞ்சம் போட்டால் போதாதா?" என்று கேட்டால், போதும் என்பார்கள். போதாது. எத்தில் அசிடேட்டின் பி.கே.ஏ. (குறையக் குறைய அமிலத்தன்மை கூடும்) சுமார் 25, எத்தனாலுக்கு 16. முதல் படியே மேட்டில் ஏறுவதுதான். விளையும் எத்தில் அசிட்டோஅசிடேட்டின் பி.கே.ஏ. 11, அதன் இரண்டு கார்பனைலுக்கும் நடுவே உள்ள கார்பனின் ஹைட்ரஜனை (நடு ஹைட்ரஜன்) எத்தாக்சைடு பிடுங்கும் கடைசிப் படிதான் வினை முழுவதையும் முன்னால் இழுக்கிறது. எனவே விளைபொருள் ஒரு மோலுக்குக் குறைந்தது ஒரு மோல் காரம் வேண்டும். நடுநிலை கீட்டோ எஸ்டர் கிடைப்பது வினை முடிந்து பொருளைப் பிரித்தெடுக்கும் வொர்க்கப்பில் அமிலம் ஊற்றிய பிறகுதான். அதைத் தனிப் படியாகக் காட்டுங்கள். எத்தில் ஐசோபியூட்டிரேட் எத்தாக்சைடுடன் ஏன் ஒத்துழைப்பதில்லை என்பதும் இதிலேயே புரியும்: விளைபொருளில் பிடுங்க நடு ஹைட்ரஜன் இல்லை, வினை வந்த வழியே திரும்பிவிடும். எத்தில் எஸ்டருக்கு மெத்தாக்சைடு போட்டால் எஸ்டர்களே மாறிப்போகும். சோடியம் ஹைட்ராக்சைடு போட்டால் எஸ்டர் சோப்பு போல உடையும்.

நேர்மின்சுமை ஏறிய கார்பன், அதாவது கார்போகேட்டயான் வந்தால், பக்கத்துக் கார்பனிலிருந்து ஏதாவது நகரும் இடமாற்றத்தைப் பார்க்க வேண்டும்: 3-மெத்தில்-2-பியூட்டனாலில் ஹைட்ரோபுரோமிக் அமிலம் போட்டால், ஹைட்ரைடு (எலக்ட்ரான் ஜோடியோடு ஹைட்ரஜன்) நகர்ந்து 2-புரோமோ-2-மெத்தில்பியூட்டேன்தான் முக்கியமாகக் கிடைக்கும். இதைப் படித்த கையோடு எல்லா இடத்திலும் நகர்த்துவது எதிர்த்தவறு. பாதரச உப்பு வழியாக ஆல்கீனில் நீர் சேர்க்கும் ஆக்சிமெர்க்குரேஷனில் தனி கேட்டயான் இல்லை. 3,3-டைமெத்தில்-1-பியூட்டீன் அதில் 3,3-டைமெத்தில்-2-பியூட்டனால் தரும். வெறும் அமிலமும் நீரும் என்றால் மெத்தில் நகர்ந்து 2,3-டைமெத்தில்-2-பியூட்டனால்.

விளைபொருள் ஒத்துப்போகிறது என்பதாலேயே மெக்கானிசம் சரியாகிவிடாது. எஸ்டரைக் காரத்தில் பிளக்கும்போது ஆக்சிஜனின் எந்தப் பக்கம் அறுந்தாலும் கிடைப்பது அதே அமிலமும் அதே ஆல்கஹாலும்தான். போலன்யியும் சாபோவும் 1934-இல் கனமான ஆக்சிஜன்-18 உள்ள நீரில் அமைல் அசிடேட்டைப் பிளந்து பார்த்தார்கள். ஆல்கஹாலில் அந்த ஆக்சிஜன் ஏறவில்லை. அறுவது அசைல் (C=O உள்ள) பக்கம் என்பது அப்படித்தான் தெரிந்தது. மூன்றாம் நிலை பியூட்டைல் எஸ்டர் அமிலத்தில் இதற்கு நேர்மாறு: அல்கைல் பக்கம் அறுந்து கேட்டயான் ஆகி, ஐசோபியூட்டிலீனாக வெளியேறும். டி.எஃப்.ஏ.வில் (ட்ரைஃப்ளூரோஅசெட்டிக் அமிலம்) அமீனின் பாதுகாப்புக் குழுவான பாக்கை எடுக்கும்போதும் அதுவேதான் நடக்கிறது, கூடவே கார்பன் டை ஆக்சைடும் வரும். அந்தக் கண்ணாடிக் குப்பியை இறுக மூடி வைத்தால் அழுத்தம் ஏறி மூடி தெறிக்கும்.