இருதலைக் கொள்ளி எறும்பு: பிழையாகச் சொல்லும் இடங்கள்

"பெடியன் கம்பஸுக்குப் போறதோ கனடாவுக்குப் போறதோ எண்டு தெரியாமல் இருதலைக் கொள்ளி எறும்பாய் நிக்கிறான்." யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் ஓர் அம்மா சொன்னது. அந்தப் பெடியன் எறும்பு அல்ல, மதில் மேல் பூனை. எந்தப் பக்கம் குதித்தாலும் அவனுக்குத் தரை இருக்கிறது. எறும்புக்கு அது இல்லை.

முற்றத்தில் பொங்கும்போது பார்த்திருப்பீர்கள். அடுப்புக்குள் பனைமட்டையைத் தள்ளியதும், ஒளிந்திருந்த எறும்பு வெளியே ஓடிவரும். நெருப்புப் பக்கம் போய், சூடு பட்டதும் திரும்பி, மறுமுனையால் எங்கள் கைக்கே ஏறித் தப்பிவிடும். அந்த மறுமுனையும் எரிந்தால்? அதுதான் இந்தத் தொடர். மாணிக்கவாசகர் நீத்தல் விண்ணப்பத்தில் 'இருதலைக் கொள்ளியின் உள்ளெறும்பு' என்று தன்னைச் சொல்கிறார். 'உள்' என்ற சொல்லைக் கவனியுங்கள், பக்கவாட்டில் குதிக்கவும் வழியில்லை. அகநானூற்றின் 339ஆம் பாட்டிலும் இதே எறும்பு வருகிறது. அங்கே அதன் பெயர் 'உறவி'.

எழுதும்போது நடக்கும் பெரிய பிழை, எறும்பை விட்டுவிடுவது. "நான் இருதலைக் கொள்ளியாகத் தவிக்கிறேன்" என்றால் நீங்களே எரிகிற கட்டை, சுடுவது நீங்கள்! பிறகு, 'கொல்லி' என்று எழுதாதீர்கள். செத்தவீட்டில் வைக்கிறோமே, அதே கொள்ளி.

தேர்தல் காலத்தில் யாரோடு கூட்டுச் சேரலாம் என்று பேரம் பேசும் கட்சிக்கும் இதைத் தலைப்பாகப் போடுகிறார்கள். எனக்கு அது பொறுக்காது. 2009இல் வன்னியில் இரண்டு பக்கத்துக்கும் நடுவில் அகப்பட்ட சனத்துக்குப் பொருந்துகிற சொல்லை, கதிரை எண்ணுகிறவர்களுக்குக் கொடுக்கக் கூடாது.

சரி, வீட்டுக்குள் எங்கே பொருந்தும்? சீதனக் காணியில் அக்கா வேலிக் கதியாலை அரை முழம் தள்ளி நட்டுவிட்டா என்று தங்கச்சி சண்டை பிடிக்கிறாள். நடுவில் ஒரே ஒரு தம்பி. அக்காவுக்காகக் கதைத்தால் தங்கச்சி வீட்டுப் படலை அவனுக்குத் திறக்காது. தங்கச்சிக்காகக் கதைத்தால் அக்கா நல்லது கெட்டதுக்கும் வரமாட்டா. வாயை மூடிக்கொண்டிருந்தால் இரண்டு பேருக்கும் கோபம். அவனைப் பார்த்து மாமி, "நீ இருதலைக் கொள்ளி எறும்படா தம்பி" என்று சொன்னால், அந்தச் சொல் சரியான இடத்தில் விழுந்திருக்கிறது.