பழைய இரட்டைக்குழல் துப்பாக்கியின் வயதைக் கணிப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இங்கிலாந்தில் செய்த பழைய இரட்டைக்குழல் துப்பாக்கிகளில் தயாரித்த ஆண்டைப் பொறிக்கும் வழக்கம் பொதுவாகக் கிடையாது. அதனால் செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர்கள் கண்ணில் படும் ஏதோ ஓர் எண்ணையோ பெயரையோ பிடித்துக்கொண்டு ஆண்டைச் சொல்லிவிடுகிறார்கள். வயது தவறினால் விலை தவறும், அது பணத்தோடு போகும். கருமருந்து, அதாவது புகை கக்கும் பழைய வெடிமருந்து, இருந்த காலத்துக் குழலில் இன்றைய தோட்டாவைப் போட்டுச் சுட்டால் கை விரல்களே போகலாம். வயதைச் சரியாகப் பார்க்க வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வது அதற்காகத்தான்.

பெரும்பாலானவர்கள் முதலில் பார்ப்பது மேலே உள்ள பெயரை. இரண்டு குழல்களுக்கும் நடுவே ஓடும் பட்டியில் "ஆர். பி. ராடா அண்டு கோ, கல்கத்தா" என்றோ "மேன்டன் அண்டு கோ, கல்கத்தா" என்றோ இருக்கும். 1914-இல் வங்கப் புரட்சியாளர்கள் மவுசர் பிஸ்டல்களைக் கைப்பற்றினார்களே, அந்த ராடா கம்பெனிதான் இது. இவை விற்ற கடையின் பெயர்கள். இப்படிக் கடைப் பெயரோடு வந்த துப்பாக்கிகளில் பல பர்மிங்காம் பட்டறைகளில் உருவானவை. கடை தொடங்கிய ஆண்டைத் துப்பாக்கியின் ஆண்டாக எடுத்துக்கொண்டால் கணக்கு எங்கேயோ போய் நிற்கும். பெயரை எழுத்தெழுத்தாகப் படிப்பதும் முக்கியம். "வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ்" பர்மிங்காமின் புகழ்பெற்ற நிறுவனம். அதை நினைவூட்டும்படி "டபிள்யூ. ரிச்சர்ட்ஸ்" என்று பொறித்த மலிவான பெல்ஜியத் துப்பாக்கிகள் ஏராளமாக விற்றன.

பெயரைவிட முகவரி உதவும். பர்டி நிறுவனம் 1880-களின் தொடக்கத்தில் ஆக்ஸ்ஃபோர்டு தெருவிலிருந்து சவுத் ஆட்லி தெருவுக்கு மாறியது. ஹாலண்ட் அண்டு ஹாலண்ட் 1960-இல் நியூ பாண்டு தெருவை விட்டு புரூட்டன் தெருவுக்குப் போனது. வெப்ளி அண்டு ஸ்காட் என்ற பெயரே 1897-இல் நிறுவனங்கள் இணைந்தபோது வந்தது. ஆகவே அந்தப் பெயர் உள்ள துப்பாக்கி அதற்கு முந்தியதாக இருக்க முடியாது. வயதுக் கணிப்பு முழுக்க இப்படித்தான் நடக்கும். ஒரு அடையாளம் "இதற்கு முன் இல்லை" என்று சொல்லும், இன்னொன்று "இதற்குப் பின் இல்லை" என்று சொல்லும். இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளிதான் நமக்குக் கிடைக்கும் விடை. ஒரே ஓர் அடையாளத்தை வைத்து ஒரே ஓர் ஆண்டைச் சொல்கிறவரை நம்ப வேண்டாம்.

உண்மையான தகவல் குழலுக்கு அடியில் இருக்கிறது. தோட்டா இல்லை என்று உறுதி செய்துகொண்டு, குழலுக்குக் கீழே இருக்கும் முன்கட்டையைக் கழற்றி, குழலைப் பிரித்துத் திருப்பிப் பாருங்கள். தோட்டா உட்காரும் அறைக்குக் கீழே உள்ள தட்டையான பகுதியில் வரிசையாக முத்திரைகள் இருக்கும். இவை லண்டன் அல்லது பர்மிங்காம் புரூஃப் ஹவுஸ் இட்டவை. அதிக மருந்து போட்டு வெடித்துப் பார்த்து, தாங்கிய குழலுக்கு மட்டும் குத்தும் முத்திரை இது. பர்மிங்காம் புரூஃப் ஹவுஸ் 1813 முதல் இயங்குகிறது. லண்டனில் இந்தப் பணியைச் செய்யும் துப்பாக்கி செய்வோர் சங்கம் 1637-இல் சாசனம் பெற்றது.

பர்மிங்காம் முத்திரையில் மகுடமும், கீழே குறுக்காக வைத்த இரண்டு செங்கோல்களும், இடுக்குகளில் எழுத்துகளும் இருந்தால் அது 1904-க்கு முந்திய வடிவம். அதற்குப் பிறகு மகுடத்துக்குக் கீழே "பிபி" (BP), "பிவி" (BV) என்ற எழுத்துகள் வந்தன. புகையில்லா மருந்துக்குச் சோதித்த குழலில் "என்பி" (NP) இருக்கும். "பிஎன்பி" (BNP) என்றிருந்தால் 1954-க்குப் பின். "நாட் ஃபார் பால்" என்ற சொற்கள் 1875 முதல் 1887 வரை சோக் உள்ள, அதாவது வாய்ப்பகுதி சற்றுக் குறுகிய, குழல்களில் இட்டவை. 1887-இல் அவை போய் "சோக்" வந்தது. வைர வடிவக் கட்டத்துக்குள் 12 என்ற போர் எண்ணும் (துப்பாக்கிக் குழலின் அளவு எண்) அதன்கீழ் "சி" (C) எழுத்தும் 1887 முதல் 1925 வரையிலான அடையாளம். 1925-க்குப் பின் அறையின் நீளத்தை அங்குலத்திலேயே பொறித்தார்கள். "3 டன்" என்பது போன்ற அழுத்த அளவு 1954-க்குப் பின் வந்தது. 1989 முதல் அது "பார்" என்ற அழுத்த அலகில் இருக்கிறது.

இங்கே நடக்கும் தவறுகள்தான் அதிகம். குழலடியில் "13" என்று இருந்தால் 1913 என்கிறார்கள். "13/1" என்பதை ஜனவரி 13 என்று படித்தவர்களும் உண்டு. இரண்டும் குழலின் உள்விட்ட அளவுகள். 13/1 என்றால் .719 அங்குலம். 12 போர் துப்பாக்கியின் குழலில் அந்த எண் இருப்பது மிகச் சாதாரணம். பட்டியில் தங்கத்தில் பதித்த "1", "2" ஜோடியாக வாங்கிய துப்பாக்கிகளைப் பிரித்தறிய இட்டவை. அவற்றுக்கும் வயதுக்கும் சம்பந்தமே இல்லை.

இன்னொரு பெரிய தவறு, முத்திரையின் காலத்தைத் துப்பாக்கியின் காலமாக எடுத்துக்கொள்வது. 1890-களில் செய்த துப்பாக்கியை 1960-களில் மறுபடி சோதனைக்கு அனுப்பியிருக்கலாம். அப்போது பழைய முத்திரைகளுக்குப் பக்கத்திலேயே புதியவை ஏறும். மகுடத்துக்குக் கீழே "ஆர்" (R) எழுத்து இருந்தால் மறுசோதனை என்று பொருள். வயதுக்கு ஆகப் பழைய முத்திரையைப் பாருங்கள், சுடலாமா என்பதற்கு ஆகப் புதிய முத்திரையைப் பாருங்கள். குழலே மாறியிருக்கவும் கூடும். விசைக்காப்பு, முன்கட்டையின் இரும்பு, குழலடி ஆகிய மூன்றிலும் ஒரே எண் இருக்கிறதா என்று ஒப்பிடுங்கள். தேய்ந்த குழலின் முன்பகுதியை வெட்டிவிட்டுப் புதுக் குழாய் செருகும் முறையும் உண்டு. அறைக்குச் சற்று முன்னால் குழலைச் சுற்றி மயிரிழை போல ஒரு கோடு தெரியும், "ஸ்லீவ்டு" என்ற சொல்லும் பொறித்திருக்கும். வெளிச்சத்தைப் பக்கவாட்டில் பிடித்தால்தான் அந்தக் கோடு கண்ணுக்குப் படும்.

வெளியே குதிரை (தோட்டாவை வெடிக்க வைக்கும் சுத்தியல்) வைத்த துப்பாக்கி என்றாலே நூற்றைம்பது வருடப் பழசு என்று சொல்வதும் சரியில்லை. குதிரை உள்ளே மறைந்த ஆன்சன்-டீலி பொறியமைப்புக்கு 1875-இலேயே காப்புரிமை பெற்றுவிட்டார்கள். ஆனாலும் குதிரைத் துப்பாக்கிகள் பெல்ஜியத்திலும் ஸ்பெயினிலும் 20-ஆம் நூற்றாண்டில் வெகுகாலம் தொடர்ந்து உருவாயின. மாடல் பெயரில் உள்ள ஆண்டும் இப்படித்தான் ஏமாற்றும். வின்செஸ்டர் மாடல் 1897 என்ற பெயரிலேயே ஆண்டு இருக்கிறது, ஆனால் அது 1957 வரை தயாரிப்பில் இருந்தது. இத்தாலியத் துப்பாக்கியில் "எக்ஸ்எக்ஸ்" என்ற ரோமன் எண்ணைப் பார்த்து 1920 என்று எண்ணிவிடாதீர்கள், அது 1964-ஐக் குறிக்கும். ரெமிங்டனின் குழல் குறியெழுத்துகள் அந்தக் குழலின் மாதத்தையும் ஆண்டையும் மட்டுமே சொல்லும். அதில் வேறு குழலை யார் வேண்டுமானாலும் மாற்றிப் பூட்டலாம்.

முத்திரை தெளிவாகத் தெரியவில்லை என்று உப்புத்தாளோ கம்பி பிரஷோ போடாதீர்கள். துணியில் கொஞ்சம் மண்ணெண்ணெய் தொட்டு அழுக்கை ஊறவைத்துத் துடைத்துவிட்டு, மேலே சாக்பீஸைத் தேய்த்தால் பள்ளத்தில் வெள்ளை தங்கி எழுத்து எழுந்து வரும். இந்தியாவில் துப்பாக்கியின் அடையாள எண்ணை அழிப்பதையும், அது இல்லாத துப்பாக்கியை விற்பதையும் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 8-ஆம் பிரிவு தடை செய்கிறது. சுத்தம் செய்கிறேன் என்று எண்ணைத் தேய்த்துவிட்டால் சிக்கல் வீட்டுக்கு வந்துவிடும். வாங்குவதற்கு முன்பே உரிமத்தில் எழுதிய எண்ணும் துப்பாக்கியில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று பார்த்துவிடுங்கள். தாத்தா உரிமம் வாங்கிய ஆண்டு துப்பாக்கி பிறந்த ஆண்டு அல்ல. அவருக்கே அது பழசாக வந்திருக்கலாம்.

வயது தெரிந்த பிறகும் ஒரு ஆபத்து மிச்சம் இருக்கிறது. பழைய ஆங்கிலத் துப்பாக்கிகளில் பலவற்றின் அறை 2½ அங்குலம், தொழில் வழக்கில் 65 மில்லிமீட்டர் என்பார்கள். 70 மில்லிமீட்டர் தோட்டா அதற்குள் தடையில்லாமல் நுழைந்துவிடும். ஏனென்றால் பெட்டியில் போட்டிருக்கும் நீளம், சுட்ட பிறகு வாய் விரிந்த நிலையில் உள்ள நீளம். வாய் மடித்த புதுத் தோட்டா அதைவிடக் குட்டை. சுடும்போது மடிப்பு விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும். "உள்ளே போகுதே, சரியாத்தான் இருக்கு" என்று யாராவது சொன்னால் நிறுத்திவிடுங்கள். உரிமம் பெற்ற துப்பாக்கி பழுது பார்ப்பவர் அறையையும் குழல் சுவரின் கனத்தையும் கருவி வைத்து அளந்த பிறகுதான் அதில் தோட்டா போட வேண்டும்.

துல்லியமான ஆண்டு வேண்டுமென்றால் கடைசி வழி நிறுவனத்தின் பழைய கணக்கேடு. பர்டி, ஹாலண்ட் அண்டு ஹாலண்ட், வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் போன்றவர்களிடம் அந்த ஏடுகள் உள்ளன. எழுதிக் கேட்கும்போது வரிசை எண்ணோடு, குழலடி முத்திரைகளும் பட்டியில் உள்ள முகவரியும் தெளிவாகத் தெரியும் படங்களையும் அனுப்புங்கள். பதிலில் வரும் தேதி ஆர்டர் கொடுத்த நாளா, வேலை முடிந்த நாளா, விற்ற நாளா என்பதையும் கேட்டு வாங்குங்கள்.