ஊர் விழாக் குப்பை: கமிட்டிகளும் கிளப்புகளும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாலக்காடு மாவட்ட எல்லையோரத்தில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கம் மாரியம்மன் பொங்கலோ அன்னதானமோ நடந்தால் பாதிச் சாமான் பொள்ளாச்சியிலிருந்தும் கோவையிலிருந்தும்தான் வரும். சொந்தபந்தமும் எல்லைக்கு இரண்டு பக்கமும் இருக்கிறது. ஆனால் எச்சில் இலையும் குப்பையும் விழுவது கேரளப் பஞ்சாயத்துக்குள். அப்புறம் அதற்குக் கணக்குச் சொல்ல வேண்டியது கமிட்டிதான்.

இதில் பெரிய தவறு, "நான் பார்த்துக்கறேன், காசு மட்டும் குடுங்க" என்று வரும் வண்டிக்காரரிடம் மூட்டைகளை ஏற்றிவிடுவது. அவர் ராத்திரியோடு ராத்திரியாக எல்லை தாண்டி, யாரோ ஒருவரின் தென்னந்தோப்பு ஓரத்தில் கொட்டிவிட்டுப் போகலாம். 2024 டிசம்பரில் திருநெல்வேலி நடுக்கல்லூர்ப் பக்கம் கொட்டப்பட்ட மருத்துவக் கழிவு கேரளத்திலிருந்து வந்தது என்பதை அதற்குள் கிடந்த காகிதங்களே காட்டிக்கொடுத்தன. சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்ட பிறகு, கேரளமே லாரி அனுப்பி அள்ளிக்கொண்டு போனது. நம் குப்பை மருத்துவக் கழிவு இல்லைதான். ஆனால் அதிலும் பந்தல்காரர் பில் இருக்கும், கமிட்டி பெயர் போட்ட நோட்டீஸ் இருக்கும். 'பணம் கொடுத்து அனுப்பிவிட்டோம்' என்பது அப்போது பதிலாகாது. எடுத்துப் போகிறவர் பஞ்சாயத்து அங்கீகரித்தவர்தானா என்று பாருங்கள், ரசீது வாங்கி வையுங்கள்.

நூறு பேருக்கு மேல் கூடுகிற நிகழ்ச்சி என்றால் மூன்று வேலை நாள் முன்பே பஞ்சாயத்துக்குத் தெரிவிக்க வேண்டும். 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே இது வந்துவிட்டது. மைக் செட்டுக்குப் போலீஸ் அனுமதி வாங்க மறக்காதவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். வீடு வீடாக வந்து குப்பை எடுக்கும் பெண்கள் குழுவான ஹரித கர்ம சேனாவுக்கு வீட்டுக்கு மாதம் 50 ரூபாய் கட்டுகிறோமே, அதில் இதுவும் அடங்காதா என்று கேட்பவர்களும் உண்டு. அது வீட்டுக் குப்பைக்கு. விழாவுக்கு என்ன கட்டணம் என்பதைக் கடிதம் கொடுக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

பேப்பர் கப்தானே என்று மொத்தக் கடையில் கட்டுக்கட்டாக வாங்கி வருவதும் தவறு. உள்ளே பிளாஸ்டிக் பூசிய கப்பும் தட்டும் கேரளத்தில் 2020 ஜனவரி 1 முதல் தடை. தமிழ்நாட்டிலும் அத்தகைய கப் 2019-லேயே தடைப் பட்டியலுக்கு வந்துவிட்டது. வாழையிலையும் வாடகை எவர்சில்வர் டம்ளரும் போதும்.

இலை எடுக்கும்போதுதான் உண்மையான சிக்கல். சாம்பார் ஊறிய இலைக்குள் தண்ணீர் பாட்டில், ஐஸ்கிரீம் கப் எல்லாவற்றையும் வைத்துச் சுருட்டிப் போடுகிறோம். கர்ம சேனா அக்காமார் எடுப்பது கழுவிக் காய்ந்த பிளாஸ்டிக். ஊசிப்போன சோற்றுக்குள் கையை விட்டு அவர்கள் பொறுக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமே இல்லை. கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் இலைக்கு ஒன்று, பிளாஸ்டிக்குக்கு ஒன்று என்று இரண்டு டிரம் வைத்து, முதல் பந்தி முடியும்வரை ஒரு ஆளை அங்கே நிறுத்துங்கள். அடுத்த பந்திக்காரர்கள் பார்த்துப் பழகிக்கொள்வார்கள். போர்டு மட்டும் வைத்தால் பசியில் வருகிறவர் யாரும் படிக்க மாட்டார்.

மிச்சத்தைக் கொளுத்துவது, குழி தோண்டிப் புதைப்பது இரண்டுமே கூடாது.

ஆற்றோரம் சுத்தம் செய்யக் கிளம்பும் இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. கோரையாற்றங்கரையில் மூட்டை கட்டி, போட்டோ எடுத்து, சாலையோரம் விட்டுவிட்டு வருவது வேலையைப் பாதியில் விடுவது. நாய் கிழிக்கும், ஒரு மழை பெய்தால் எல்லாம் திரும்ப ஆற்றுக்கே போகும். அன்று மாலையே எடுக்க வண்டி உறுதியான பிறகு தேதி குறியுங்கள். ஊசி, உடைந்த பல்பு, நாப்கின் கண்ணில் பட்டால் வெறுங்கையால் தொடாதீர்கள். தடித்த கையுறையோ இடுக்கியோ கொண்டு எடுத்து, ஊசியையும் கண்ணாடியையும் மூடியுள்ள டப்பாவிலும் நாப்கினைத் தனிப் பையிலும் போட்டு, உள்ளே என்ன இருக்கிறது என்று மேலே எழுதிக் கொடுங்கள்.